கைக்கு எட்டாத துப்பாக்கி: ஊபர் விதி ஒன்றுக்கு உரை

அமெரிக்காவில் தன் செயலி வழியாக ஓடும் வண்டிகளில் துப்பாக்கி கூடாது என்று ஊபர் நிறுவனம் 2015 ஜூன் மாதம் விதித்தது. அதுவரை, அந்தந்த ஊர்ச் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதுவே போதும் என்று விட்டுவைத்திருந்தது. இன்று நடப்பில் உள்ள விதி இரண்டே வாக்கியம்தான். அதன் பொருளைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

பயணிகளும் அவர்களுடன் வருவோரும், ஓட்டுநர்களும் பொருள் கொண்டு சேர்ப்போரும், எவ்வகைத் துப்பாக்கியையும், எங்கள் செயலியைப் பயன்படுத்தும்போது, பொருந்தும் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு, வைத்திருக்கக் கூடாது. மீறுவோர் செயலியை இழக்க நேரலாம்.

இதோடு பயணிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

உரைக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி வேண்டும் என்று கேட்கும் ஓட்டுநரை வீம்புக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. பணியிடத்தில் கொலையாகும் அபாயம் டாக்சி ஓட்டுநருக்கு மற்றத் தொழிலாளரைவிட 20 மடங்குக்கும் மேல் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பாதுகாப்பு நிர்வாகமே ஓட்டுநர்களுக்கான குறிப்பில் எழுதியிருக்கிறது. இரவில், தனியாக, முகம் தெரியாதவரை முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, அவர் சொல்லும் இடத்துக்குப் போகும் வேலை இது. இந்த விதி சரி என்பது என் முடிவு. ஆனால் அதில் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. எழுதாமல் விட்ட பாதி எது என்பதற்குத்தான் இந்த உரை.

"பயணிகளும்"

ஓட்டுநரை விட்டுவிட்டு பயணியை முதலில் நிறுத்தியது பொருத்தம். வண்டிக்குள் துப்பாக்கி பற்றிய விவாதம் பெரும்பாலும் ஓட்டுநரையே சுற்றி வருகிறது. பின் சீட்டில் இருப்பவரின் அச்சம் பேசப்படுவதில்லை. அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஊபர் வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கையில், பாலியல் அத்துமீறல் புகார்கள் மட்டும் ஏறத்தாழ 6,000. பாதிக்கப்பட்டதாகப் புகார் சொன்னவர்களில் ஓட்டுநர்களும் கணிசமாக உண்டு. அதே இரண்டு ஆண்டுகளில் சுமார் 230 கோடி சவாரிகள் நடந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சதவீதத்தில் அது சிறிய எண்தான். ஆனால் நள்ளிரவில் தனியாக வண்டி ஏறும் பெண் சதவீதத்தை நினைத்துக்கொண்டு ஏறுவதில்லை.

அப்படியானால் கைப்பையில் ஒரு துப்பாக்கி இருந்தால் என்ன? இந்தக் கேள்விக்கு டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் 2023 ஜூன் மாதம் நடந்தது விடை சொல்கிறது. வெளியூரிலிருந்து வந்திருந்த பெண் ஒருவர் ஊபர் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். எல் பாசோ மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர். அங்கே நெடுஞ்சாலையில் போகிற எவர் கண்ணுக்கும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஹுவாரெஸ் நகரின் பெயர்ப்பலகை படும். அந்தப் பலகையைப் பார்த்ததும், ஓட்டுநர் தன்னைக் கடத்திக்கொண்டு மெக்சிகோவுக்குப் போகிறார் என்று அந்தப் பெண் முடிவுகட்டிவிட்டார். கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, ஓட்டுநரின் தலையில் சுட்டார். வண்டி அவர் கேட்ட இடத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது, வழி மாறியதற்கு அடையாளமே இல்லை என்று போலீஸ் சொன்னது. ஓட்டுநர் சில நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். அந்தப் பெண்மீது கொலை வழக்குப் பதிவானது.

"அண்ணே, இது எந்த வழி?" என்று நம் ஊரில் கேட்போமே, அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும். கையில் ஆயுதம் இருக்கும்போது கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஓட்டுநரின் முகம் பயணிக்குத் தெரியாது. அவருக்குப் பழகிய குறுக்குவழி இவருக்குப் புதிது. பேசும் மொழியும் வேறாக இருக்கலாம். இத்தனை சந்தேகத்துக்கும் இடம் உள்ள ஒரு பெட்டிக்குள், சந்தேகத்தை நொடியில் மரணமாக்கும் பொருளை அனுமதிக்கக் கூடாது.

"அவர்களுடன் வருவோரும்"

பயணி என்று சொன்னபிறகு இதைத் தனியே எடுத்துச் சொன்னது ஏன்? செயலியில் பெயர் பதிந்திருப்பவர் ஒருவர், வண்டியில் ஏறுபவர் வேறொருவர் என்பது அன்றாடம் நடப்பது. மகன் அம்மாவுக்கு வண்டி பிடித்துக்கொடுப்பான். நண்பர் நண்பருக்குப் பிடித்துக்கொடுப்பார். பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் பகுதியில் 2022 பிப்ரவரியில் நான்கு குழந்தைகளின் தாயான ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். வண்டியை வரவழைத்தது கொலையாளியின் காதலி. ஏறியவர் அந்த மனிதர். அவர் துப்பாக்கியை நீட்டியதும், குழந்தைகள் இருப்பதைச் சொல்லி ஓட்டுநர் கெஞ்சியதும் வண்டியின் முன்கண்ணாடியில் பொருத்திய கேமராவில் பதிவாகியிருந்தன. எடுத்து எறியப்பட்டுக் கிடந்த அந்தக் கேமராவைப் போலீஸ் பின்னர் கண்டெடுத்தது.

உடன் வருவோரையும் விதி கட்டுப்படுத்துகிறது, சரி. ஆனால் அவர் யார் என்று ஓட்டுநருக்குச் சொல்ல விதியில் ஏற்பாடு ஏதுமில்லை. ஓட்டுநரின் படம், பெயர், வண்டி எண் எல்லாம் பயணியின் கைக்குப் போகின்றன. ஓட்டுநருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு முதற்பெயரும் நட்சத்திர மதிப்பெண்ணும்தான், அதுவும் பதிவு செய்தவருடையது.

"ஓட்டுநர்களும்"

இந்தச் சொல்லில்தான் சண்டை முழுவதும்.

ஓட்டுநர் கையில் துப்பாக்கி வேண்டும் என்போர் முதலில் காட்டுவது சிகாகோ. 2015 ஏப்ரலில் லோகன் ஸ்கொயர் பகுதியில் ஓர் இளைஞர் கூட்டத்தை நோக்கிச் சுட்டார். மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் பெற்றிருந்த ஊபர் ஓட்டுநர் ஒருவர் அதைக் கண்டு, திருப்பிச் சுட்டு வீழ்த்தினார். தம்மையும் பிறரையும் காக்கவே சுட்டார் என்று அரசுத் தரப்பு ஏற்றுக்கொண்டது, வழக்கு இல்லை. அடுத்து வருவது ஃபுளோரிடாவின் வின்டர் ஹேவன். 2018 ஆகஸ்ட் இரவில், தன் காதலி ஓர் ஊபரில் போவதாக எண்ணிக்கொண்ட ஒருவர் பிக்கப் டிரக்கில் அதைத் துரத்திவந்து வழியை மறித்தார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகக் கத்திக்கொண்டே இறங்கி ஓடிவந்தார். ஓட்டுநர் சுட்டதில் அவர் இறந்தார். இறந்தவர் கையில் இருந்தது செல்போன் என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளூர் ஷெரிஃப் ஓட்டுநரின் பக்கம் நின்றார்.

இரண்டையும் ஊன்றிப் பாருங்கள். சிகாகோவில் ஆபத்து தெருவில் இருந்தது, வண்டியில் பயணியே இல்லை. வின்டர் ஹேவனில் ஆபத்து கண்ணாடிக்கு முன்னால், கத்திக்கொண்டு வந்தது. ஓட்டுநருக்குப் பார்க்க நேரம் இருந்தது, எடுக்க நேரம் இருந்தது. டாக்சிக்காரர்களைக் கொல்லும் ஆபத்து வழக்கமாக அந்தத் திசையிலிருந்து வருவதில்லை. பின் சீட்டிலிருந்து வருகிறது.

அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவார். சீட் பெல்ட்டின் கொக்கி அவருடைய வலது இடுப்பருகே மாட்டும். வலக்கைக்காரர் துப்பாக்கி உறையை மாட்டுவதும் அதே வலது இடுப்பில்தான். ஆக, உறையின்மேல் பெல்ட், பெல்ட்டின்மேல் சட்டை, கைகள் ஸ்டீயரிங்கில், கண் சாலையில், கால் பிரேக்கில். பின்னாலிருந்து ஒருவர் கழுத்தில் துப்பாக்கி முனையை வைத்துவிட்டால், இவர் சட்டையை விலக்கி, கொக்கியைத் தாண்டி, உருவி, உடம்பை முழுதாகப் பின்னுக்குத் திருப்ப வேண்டும். அவர் விரலை மடக்கினால் போதும். சரி, இடுப்பில் வேண்டாம், கதவின் பையில் வைக்கலாம், சீட்டுக்கடியில் வைக்கலாம் என்பார்கள். விமான நிலையத்தில் பயணியின் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைக்க ஓட்டுநர் இறங்குகிறார். பெட்ரோல் போட இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் அந்தத் துப்பாக்கி முன்பின் தெரியாதவர்களோடு வண்டிக்குள் தனியாக இருக்கும்.

எனவே துப்பாக்கி ஓட்டுநரைக் காப்பாற்றும் என்ற வாதம், அவர் அதிகம் தாக்கப்படும் திசையிலேயே தோற்கிறது. அப்படியானால் எது காப்பாற்றும்? இதற்கு ஊகம் தேவையில்லை. தொழில்சார் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியாஷ், 26 நகரங்களில் 1996 முதல் 2010 வரை நடந்த டாக்சி ஓட்டுநர் கொலைகளை எடுத்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. வண்டிக்குள் கேமரா பொருத்திய நகரங்களில் கொலை விகிதம், எதுவும் பொருத்தாத நகரங்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு குறைவு. அதே நகரங்களில் கேமரா வருவதற்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் ஏழு மடங்கு குறைவு. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே வைக்கும் கண்ணாடித் தடுப்பால் மட்டும் அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை. இது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது, ஏனென்றால் பார்வைக்குத் தடுப்புதான் பலமாகத் தோன்றும். கொலைகாரர் அஞ்சுவது தன் முகம் பதிவாவதற்கு.

செயலி வந்தபிறகு ரொக்கம் குறைந்ததும், யார் வண்டியை அழைத்தார் என்று பதிவாவதும் கேமரா செய்யும் வேலையில் ஒரு பங்கைச் செய்தன. முழுவதையும் செய்யவில்லை. ஊபரின் அதே 2017, 2018 அறிக்கை, தாக்குதலில் இறந்தவர்கள் 19 பேர் என்கிறது: பயணிகள் 8, ஓட்டுநர்கள் 7, மற்றவர்கள் 4. வண்டியின் இரு பக்கமும் சாவு கிட்டத்தட்டச் சமம். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆயுதம் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த எண்களை முதலில் பார்க்க வேண்டும்.

"பொருள் கொண்டு சேர்ப்போரும்"

இங்கே சொல்ல அதிகமில்லை, ஒரு சம்பவம் தவிர. ஒஹையோ மாநிலத்தில் 2024 மார்ச் மாதம் ஒரு பார்சலை எடுத்துவர ஊபர் ஓட்டுநரான பெண் ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவரை அனுப்பியது தொலைபேசி மோசடிக் கும்பல். அதே கும்பல் அந்த வீட்டில் இருந்த 81 வயது முதியவரை மிரட்டிப் பணம் கேட்டுக்கொண்டிருந்தது. வந்தவரைக் கும்பலின் ஆள் என்று நினைத்து முதியவர் சுட்டுக் கொன்றார். அந்தப் பெண் ஆயுதம் வைத்திருக்கவில்லை, விதியை முழுவதும் மதித்தார். வாசலில் நின்றவரை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை.

"எவ்வகைத் துப்பாக்கியையும்"

உரிமம் உள்ளது, இல்லாதது என்ற பிரிவினை இல்லை. கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி என்ற பிரிவினையும் இல்லை. போட்டி நிறுவனமான லிஃப்ட் துப்பாக்கியோடு நிற்காமல் மற்ற ஆயுதங்களையும் சேர்த்துத் தடுக்கிறது.

"செயலியைப் பயன்படுத்தும்போது"

விதிக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருப்பதாக இது சொல்கிறது. செயலியைத் திறந்தால் கட்டுப்பாடு, மூடினால் விடுதலை. காகிதத்தில் தெளிவு, தெருவில் அப்படியில்லை. மிச்சிகனின் கலமாசூ நகரில் 2016 பிப்ரவரி 20 அன்று ஓர் ஊபர் ஓட்டுநர் வெவ்வேறு இடங்களில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார், இருவரைக் காயப்படுத்தினார். கொலைகளுக்கு நடுவில் சவாரியும் ஏற்றினார். அப்போது இந்தத் தடை வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரவு அவர் வண்டியில் ஏறி, பணம் கொடுத்து, பத்திரமாக இறங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், வண்டி யாருடையது என்பது. ஊபர் ஓட்டுநரின் கார் அவர் சொந்தக் கார். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். சவாரிக்கு நடுவே வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை வைத்துவிட்டு வர முடியாது. எனவே வேலை செய்யும் நாள் முழுதும் அவர் ஆயுதமில்லாமல் இருக்க வேண்டும், நள்ளிரவில் வேலை முடித்துத் தனியாக வீடு திரும்பும் வழி உட்பட. இதைத்தான் ஃபுளோரிடா ஓட்டுநர் ஒருவர் 2017இல் வழக்காகக் கொண்டுபோனார். அந்த மாநிலத்தில் 2008இல் வந்த சட்டப்படி, வேலைக்கு வருபவர் வாகனத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கியை முதலாளி தடுக்க முடியாது, ஒப்பந்தத்தில் வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். தனக்கு நேர்ந்த பாதிப்பு என்ன என்று அவர் காட்டவில்லை என்பதால் வழக்கு தள்ளுபடியானது. சட்டக் கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை.

"பொருந்தும் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு"

படிக்கிறவர் கண் தாண்டிப் போய்விடும் தொடர் இது. விதியின் பலவீனம் முழுதும் இதில் இருக்கிறது.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் 1791ஆம் ஆண்டுக்குரியது. வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமை அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 23 அன்று, நியூயார்க் மாநிலத்தின் நூறாண்டு கடந்த சட்டத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது. உரிமமே இல்லாமல் மறைத்து எடுத்துச்செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் 2024இல் 29 ஆகிவிட்டன. டெக்சாஸ் 2021 செப்டம்பரில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். அரசியல் சட்டமே கொடுத்த உரிமையை ஒரு கம்பெனி எப்படிப் பறிக்கலாம்? விடை: இரண்டாம் திருத்தம் அரசின் கையைக் கட்டுகிறது, தனியாரின் கையை அல்ல. கடைக்காரர் தன் கடைக்குள் துப்பாக்கி வேண்டாம் என்று பலகை வைக்கலாம். ஊபரும் வைக்கலாம். ஆனால் ஃபுளோரிடா போலத் தனியாரையும் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டம் எங்காவது இருந்தால், அங்கே மோதல் வரும். அந்த மோதலைத் தவிர்க்கத்தான் இந்தத் தொடர். சட்டம் அனுமதித்தாலும் எங்கள் வண்டியில் கூடாது என்று லிஃப்ட் நேராகவே சொல்கிறது. ஊபர் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்கிறது. எந்த ஊரில் கதவு திறந்திருக்கிறது, எந்த ஊரில் மூடியிருக்கிறது என்பதைச் சட்டம் படித்தவரும் சட்டென்று சொல்ல முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குச் சவாரி ஏற்றும் ஓட்டுநர் எப்படித் தெரிந்துகொள்வார்?

விலக்கு

குண்டு போடாமல், உறுதியான பெட்டியில் பூட்டி, டிக்கியில் வைத்தால் பயணி துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். விமானத்தில் சரக்காக ஏற்றும் துப்பாக்கிக்கு என்ன நிபந்தனையோ ஏறத்தாழ அதுவே. வேட்டைக்குப் போகிறவர் விமான நிலையத்துக்கு வண்டி பிடிக்க வேண்டுமே. விதியின் நோக்கம் இந்த விலக்கில்தான் நன்றாகத் தெரிகிறது: வண்டிக்குள் யார் கைக்கும் துப்பாக்கி எட்டக் கூடாது. துப்பாக்கி வைத்திருக்கும் மனிதர்மேல் வெறுப்பு ஏதும் இதில் இல்லை.

"மீறுவோர் செயலியை இழக்க நேரலாம்"

சோதிப்பவர் இல்லை. ஏறும்போது பையைத் திறந்து காட்டுவதில்லை. எல்லாம் நடந்தபிறகு கணக்கு முடக்கப்படும், அதுவும் முடக்கப்படலாம் என்ற அளவில்தான். கொள்ளையடிக்க வருபவருக்கு ஒரு கணக்கு போனால் என்ன நஷ்டம்? பொய்ப் பெயரில் இன்னொன்று தொடங்குவார். ஓட்டுநருக்கு அந்தக் கணக்குதான் பிழைப்பு, வீட்டு வாடகை, காருக்கு வாங்கிய கடனின் தவணை. ஆக, இந்தத் தண்டனை விதியை மதிக்கிறவரை மட்டுமே சுடும். நல்லவர் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார், கெட்டவர் கொண்டுவருகிறார் என்று ஓட்டுநர்கள் சொல்வது உண்மை. அதை மறுக்க எனக்கு வழியில்லை.

அந்த உண்மையிலிருந்து ஓட்டுநர்கள் எடுக்கும் முடிவுதான் தவறு. சிகாகோ ஓட்டுநருக்கு இடங்கொடுத்துக்கொண்டே எல் பாசோவைத் தடுக்கும் விதி இருக்க முடியாது. ஓட்டுநருக்கு அனுமதி கொடுத்தால் பயணிக்கும் கொடுத்தாக வேண்டும். பயணிக்குக் கொடுத்தால், அச்சத்தில் சுடுகிறவருக்கும் சேர்த்தே கொடுத்ததாகும். ஓட்டுநரின் பிடரி எப்போதும் பயணிக்கு முன்னால் இருக்கிறது.

சரியான முடிவு வேறு. ஒருவரைப் பார்த்து, உன் சொந்த வண்டியில் உன் தற்காப்புக் கருவியை வைத்துக்கொள்ளாதே என்று சொல்கிற நிறுவனம், அதற்கு ஈடாக ஒரு காப்பு கொடுக்கக் கடமைப்பட்டது. 2018இல் ஊபர் செயலியில் அவசர பொத்தான் வந்தது. பேச்சைப் பதிவு செய்யும் வசதியும் பிறகு வந்தது. வரவேற்கிறேன், போதாது. கழுத்தில் முனை அழுத்தியிருப்பவர் பொத்தானை எப்படித் தேடுவார்? நியாஷ் ஆய்வு காட்டிய கேமரா இன்றும் பெரும்பாலும் ஓட்டுநர் தன் காசில் வாங்கி மாட்டிக்கொள்வதாகவே இருக்கிறது. ஓட்டுநர் தொழிலாளி அல்ல, தனி ஒப்பந்தக்காரர் என்று நிறுவனம் சொல்வதால், வேலையில் இறந்தால் குடும்பத்துக்குச் சேரவேண்டிய தொழிலாளர் இழப்பீடும் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு இல்லை. நியூயார்க் மாநிலம் 1999இலேயே வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கென ஓர் இழப்பீட்டு நிதியம் அமைத்து, ஒவ்வொரு சவாரியிலும் ஒரு சிறு கட்டணம் சேர்த்து அதை நடத்துகிறது. மற்ற மாநிலங்களாலும் அது முடியும்.

விதியின் எழுதாத பாதி இதுதான்: ஒவ்வொரு வண்டியிலும் நிறுவனத்தின் செலவில் கேமரா, வண்டி ஏறுபவர் யார் என்பதற்கு ஓட்டுநருக்குக் கிடைக்கும் உறுதி, வேலையில் அடிபட்டால் இழப்பீடு. இம்மூன்றும் சேரும்வரை ஓட்டுநரின் குறை நியாயமான குறைதான். ஆனாலும் அதைத் தீர்க்க துப்பாக்கியை உள்ளே விடக் கூடாது, பின் சீட்டிலும் கூடாது, முன் சீட்டிலும் கூடாது.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற தமிழ் வாசகருக்கு ஒரு வார்த்தை. வண்டி தெரியாத வழியில் போனால் செயலியின் வரைபடத்தைப் பாருங்கள், ஓட்டுநரிடம் கேளுங்கள். உள்ளே துப்பாக்கி கண்ணில் பட்டால் வாக்குவாதம் வேண்டாம், வெளிச்சமான இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்குங்கள், பிறகு செயலியில் புகார் எழுதுங்கள். ஓட்டுநர் தன் வண்டியில் கேமரா மாட்டியிருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அது அவரையும் காக்கிறது, உங்களையும் காக்கிறது.